பார்த்துவிட்டு வருதல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை, எழுத்து வடிவில்)



‘பெருந்தொற்றுக் காலமும் குடும்பமும்’ என்ற தலைப்பை அமைப்பாளர்கள் எனக்குத் தந்தார்கள். தலைப்பு பெரிது. குடும்பம் என்று தொடங்கினால் வேலையிழப்பு, பிள்ளைகளின் படிப்பு, கணவன் மனைவி பூசல், வாடகைப் பாக்கி என எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். அவற்றைப் பலர் பேசியாயிற்று. ஆகவே அமைப்பாளர்களின் இசைவோடு ஒரே ஒரு செயலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதிய தாய் தந்தையரைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது. அவ்வளவுதான். இதில் இலக்கிய வட்டத்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வேலை இருக்கிறது என்பதே என் கட்சி.

முதலில் சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழில் ‘பார்த்தல்’ கண்ணின் தொழிலோடு நின்றுவிடுவதில்லை. மருத்துவர் நோயாளியைப் பார்க்கிறார். ஒருவர் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். வழியனுப்பும்போது ‘பார்த்துப் போ’ என்கிறோம். ‘அம்மாவைப் பார்த்தாயா?’ என்று கேட்டால் நேரில் கண்டாயா என்பது பொருள். ‘அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?’ என்று கேட்டால் யார் பேணுகிறார்கள் என்பது பொருள். வினை ஒன்றுதான். காண்பதும் பேணுவதும் நம் மொழியில் ஒரே வேரில் கிளைத்தவை. வள்ளுவர் இரக்கத்துக்கு ஓர் அதிகாரமே வகுத்து அதற்குக் ‘கண்ணோட்டம்’ என்று பெயர் வைத்ததும் இந்த மரபில் வந்ததுதான். ஒருவர்மேல் கண் ஓடுவதே இரக்கத்தின் தொடக்கம் என்று இம்மொழி நம்பி வந்திருக்கிறது.

2020-ஆம் ஆண்டு இந்த இரண்டையும் பிரித்தது. தாயைப் பார்த்துக்கொள்ள வேண்டுமானால் தாயைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று ஆயிற்று. எனக்குத் தெரிந்தவரை, நம் வீடுகளில் நிகழ்ந்த பெரிய மாற்றம் இதுதான். முகக்கவசமும் கைகழுவும் நீர்மமும் வந்தன, போயின. இந்தப் பிரிவினை மட்டும் பல வீடுகளில் இன்றும் சரியாகவில்லை.

பொதுப்படப் பேசினால் இது பிடிபடாது. நான் அறிந்த ஓர் இடத்தை வைத்தே பேசுகிறேன். அந்த இடம் பேசின் பிரிட்ஜ்.

நம் உறுப்பினர்களில் பலர் அதை இரயிலின் சன்னல் வழியாக மட்டும் கண்டிருப்பீர்கள். சென்ட்ரலை விட்டு வண்டி புறப்பட்ட சில நிமிடங்களில் தண்டவாளங்கள் விரல்களைப்போல் விரியும். ஒன்று அரக்கோணத்துக்கு, ஒன்று கும்மிடிப்பூண்டிக்கு, ஒன்று கடற்கரைக்கு. பக்கிங்காம் கால்வாயில் படகுகள் வந்து நின்ற ‘பேசின்’ என்னும் நீர்நிலையும் அதன்மேல் எழுந்த பாலமும் அவ்விடத்துக்குப் பெயர் தந்தன. உப்புப் படகுகள் சரக்கு இறக்கிய இடம் ‘சால்ட் கொட்டார்ஸ்’. நம் ‘கொட்டாரம்’ ஆங்கிலத்துக்குப் போய் உருமாறித் திரும்பிய சொல் அது. இப்போது அதுவும் தேய்ந்து ‘சால்ட் குவார்ட்டர்ஸ்’ ஆகிவிட்டது. ஓட்டேரி நல்லா கால்வாயில் கலப்பதும் இங்குதான். கலக்கும் நீரைப் பற்றி விருந்தினர்கள் முன்னிலையில் விரிவாகச் சொல்ல வேண்டாம். சென்ட்ரலில் பயணிகளை இறக்கிவிட்ட நெடுந்தொலைவு வண்டிகள் கழுவப்படுவதற்கும் பழுது பார்க்கப்படுவதற்கும் (இங்கேயும் ‘பார்த்தல்’தான்) பேசின் பிரிட்ஜ் பணிமனைக்கு வந்து சேரும். ஊர் ஊராகப் போய்வந்த பெட்டிகள் ஆளில்லாமல் இளைப்பாறும் இடம் என்று அதைச் சொல்லலாம்.

என் தந்தையார் அந்தப் பணிமனையில் முப்பது ஆண்டுகளுக்குமேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேசின் பாலச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், முதல் மாடியில் இரண்டு அறை வீட்டில் அவரும் என் தாயாரும் குடியிருக்கிறார்கள். நான் திருவொற்றியூரில் இருக்கிறேன். வ.உ.சி. நகர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, அடுத்தது பேசின் பிரிட்ஜ். நான்காவது நிறுத்தம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் வண்டியில் ஏறினால், வாங்கிய செய்தித்தாளை முழுதும் படித்து முடிப்பதற்குள் இறங்கிவிடலாம். எங்களைப் போன்றவர்களுக்குப் பெற்றோரைப் பார்ப்பது ஒரு பயணமே அன்று. கையில் ஒரு பை, அதில் கொஞ்சம் பழம், மாத்திரை, நல்ல மீன் கிடைத்தால் மீன். போனதும் ‘சாப்பிட்டாயா?’, கிளம்பும்போது ‘பார்த்துப் போ’. நடுவில் என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு வருவதே அதன் இயல்பு.

ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் வாழ்ந்த வள்ளலார் அங்கிருந்து திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்தே போய்வந்தார் என்பது நீங்கள் அறிந்ததே. நான் ஞாயிறுதோறும் போகும் வழிக்கு ஏறக்குறைய எதிர்த்திசை வழி அது. மாலையில் நடந்து போய் இரவில் திரும்பிவிடும் தொலைவு. 2020-இல் அந்தத் தொலைவு கடக்க முடியாததாயிற்று.

நாள்களை நினைவுபடுத்துகிறேன். மார்ச் 22 மக்கள் ஊரடங்கு. அன்று நள்ளிரவிலிருந்து பயணிகள் வண்டிகள் நின்றன, மின்தொடர் வண்டிகள் உட்பட. 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. சென்னையில் மாநகரப் பேருந்து செப்டம்பர் 1-இல்தான் மறுபடி ஓடியது. மின்தொடர் வண்டி அக்டோபர் 5-இல் இன்றியமையாப் பணியாளருக்கு மட்டும் திறந்தது. எல்லாருக்கும் என்று ஆனது டிசம்பர் இறுதியில், அதுவும் நெரிசல் இல்லாத வேளைகளில் மட்டும். நான்கு நிறுத்தத் தொலைவில் இருக்கும் தாயைப் பார்க்க இரயிலை நம்பியவர் ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது.

வடசென்னை அப்போது செய்தித்தாள்களில் வேறொரு காரணத்துக்காக இடம்பெற்றது. மே, ஜூன் மாதங்களில் மாநகராட்சி நாள்தோறும் வெளியிட்ட மண்டலவாரிப் பட்டியலில் இராயபுரம் முதலிடத்தில் நின்றது. தண்டையார்பேட்டையும் திரு.வி.க. நகரும் பின்தங்கவில்லை. தெருமுனைகளில் தகரம் அடித்தார்கள். நோய் கண்ட வீட்டின் கதவில் ஒட்டுத்தாள் ஒட்டினார்கள். ஜூன் 19 முதல் ஜூலை 5 வரை சென்னைக்கும் சுற்றியுள்ள பகுதிகளுக்கும் தனியே ஒரு கடும் ஊரடங்கு. காய்கறி வாங்குவதானாலும் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள், வண்டி எடுக்காமல் போக வேண்டும் என்றார்கள். அதற்கு முன்பே, மே மாத ஆணைகளில், 65 வயதைக் கடந்தவர்கள் மருத்துவம் முதலிய தேவைகளுக்கு அன்றி வெளியே வரலாகாது என்று மைய அரசு சொல்லியிருந்தது.

இந்த ஆணைகளை நான் பழிக்கவில்லை. முதியவர்களைத்தான் அந்த நோய் அதிகமாகக் கொண்டுபோயிற்று. தடை இருந்ததால் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் 65 வயதுக்காரர் என்று ஆணை எழுதியவரின் மனத்தில் இருந்த உருவத்துக்கும் எங்கள் பகுதியில் அந்த வயதில் இருப்பவர்களுக்கும் பொருத்தமில்லை. காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடை சுமந்து விற்கும் பெண்களில் எத்தனை பேர் அறுபத்தைந்துக்குக் குறைந்தவர்கள்? சந்துமுனையில் இட்லி சுட்டு விற்பவர், பள்ளி வாசலில் மாங்காய் வைத்திருப்பவர் எல்லாரும் பாட்டிமார்தான். அன்று முதியோர் உதவித்தொகை மாதம் 1,000 ரூபாய். அதை நம்பி வீட்டில் இருங்கள் என்பது சொல்லுவதற்கு எளிது.

இன்னொன்று. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இணையவழி அனுமதிச்சீட்டு வேண்டும் என்றார்கள். திருமணம், இறப்பு, மருத்துவ நெருக்கடி, இவையே முதலில் ஏற்ற காரணங்கள். என் தங்கை மீஞ்சூரில் வாழ்க்கைப்பட்டவள். மீஞ்சூர் திருவள்ளூர் மாவட்டம், பேசின் பிரிட்ஜ் சென்னை மாவட்டம். அதே கும்மிடிப்பூண்டித் தடம், எனக்குச் சில நிலையங்கள் தள்ளி. அவள் கைப்பேசியில் படிவத்தைத் திறந்து ‘காரணம்’ என்ற கட்டத்தில் வந்து நின்றுவிட்டாள். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்பதற்கு அதில் இடமில்லை. பிள்ளையின் திருமணத்துக்குப் போகலாம், பெற்றவரின் சாவுக்குப் போகலாம். நடுவில் கிடக்கும் நீண்ட வாழ்நாளுக்குச் சீட்டு இல்லை. அந்த ஆடிக்கு அவள் தாய்வீடு வரவில்லை. மணமான பின் அவள் வராத முதல் ஆடி அது.

நண்பர்களே, ‘கண்ணோட்டம்’ அதிகாரத்தை வள்ளுவர் அறத்துப்பாலில் வைக்கவில்லை என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். பொருட்பாலில், அரசியல் பகுதியில், 58-ஆம் அதிகாரமாக, ஒற்றாடலுக்கு முன்னால் வைத்தார். தனிமனிதரின் நற்குணமாக மட்டும் கருதியிருந்தால் அங்கே வைத்திருக்க மாட்டார். படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாக இருந்திருக்கலாம் என்ற ஆசையை இதற்குமேல் நான் நீட்டவில்லை.

மே மாத இறுதியில் ஒரு நாள், தந்தையாரின் மருந்துச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இருசக்கர வண்டியில் போனேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலை, பழைய வண்ணாரப்பேட்டை, மின்ட், மூலகொத்தளம். மூன்று இடங்களில் காவலர்கள் சீட்டைக் கேட்டார்கள், பார்த்தார்கள், விட்டார்கள். சந்துக்குள் நுழைந்ததும் மாடிச் சன்னலிலிருந்து தாயார் குரல் கொடுத்தார்.

“அங்கியே நில்லு கண்ணு. மேல வராத.”

கீரைக்காரரிடம் கீரை வாங்குவதற்காகச் சன்னல் கம்பியில் கட்டியிருந்த கயிறும் பிளாஸ்டிக் வாளியும் உண்டு. முன்பு அதை வைத்து நாங்கள் கேலி செய்வோம். அந்த வாளி இறங்கியது. மாத்திரைகளை வைத்தேன், பழத்தை வைத்தேன். அது மேலே போயிற்று. மறுபடி இறங்கியபோது அதில் ஒரு தூக்குச்சட்டி இருந்தது.

“மாத்திரை எல்லாம் சரியா இருக்குதா, பார்த்துக்கோம்மா.”

“அதெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம். நீ புள்ளைங்கள பாரு.”

‘பார்த்துக்கிறோம்’ என்று அவர் சொன்னதை நான் பிறகு பல நாள் எண்ணியிருக்கிறேன். ‘எங்களைப் பார்க்க நீ வேண்டாம்’ என்பதை ஒரு தாய் இதைவிட மென்மையாகச் சொல்ல முடியாது. நாம் பெற்றோரைக் காக்க விலகி நின்றோம் என்றே எல்லாரும் பேசுகிறோம். அவர்களும் நம்மைக் காக்க விலக்கி வைத்தார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. முதியவர்களைச் செயலற்றவர்களாக நினைத்துப் பழகிவிட்டோம். அந்த வாளியின் கயிறு அவர் கையில்தான் இருந்தது.

தந்தையாரின் நிலை வேறு. பணிமனை இரைச்சலில் முப்பது ஆண்டு கழித்த காது, மந்தமாகிவிட்டது. கைப்பேசி அவருக்கு உதவாது. எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். முகக்கவசம் வந்த நாளிலிருந்து நாங்கள் எல்லாரும் அவருக்கு ஊமைகள். அன்று சன்னலில் வந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தில் யாரும் இல்லை என்று கண்டு கவசத்தைக் கீழே இறக்கி, “நல்லா இருக்கீங்களா?” என்று வாயசைத்தேன். அவர் அதற்கு விடை சொல்லவில்லை. “வண்டி ஏதாவது ஓடுதா?” என்றார். மந்தக் காதுக்கும் எட்டிக்கொண்டிருந்த ஒலி வண்டிகளின் ஒலி ஒன்றுதான். இரவில் பெட்டிகளைக் கோக்கும்போது வீட்டுச் சுவர் அதிரும். அந்த அதிர்வு இல்லாமல் அவருக்கு உறக்கம் வரவில்லையாம். சரக்கு வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆனால் பயணிகள் பெட்டிகள் தடம் தடமாக அசையாமல் நின்றன. நாட்டில் 5,000-க்கு மேற்பட்ட பெட்டிகளை நோயாளிகளுக்கான தனிமைப் பெட்டிகளாக மாற்றிவிட்டார்கள் என்று தாயார் எழுதிக் காட்டியபோது அவர் நம்பவே இல்லையாம்.

என் வீட்டுக் கதை இவ்வளவுதான். இது எளிய கதை. இரண்டு அறையும் சன்னலும் ஓய்வூதியமும் உடையவர்களின் கதை. அதே சந்தில் ஒரே அறையில் ஆறு பேர் வாழும் வீடுகள் உண்டு. ‘வீட்டுத் தனிமை’ என்ற சொல்லை அங்கே எப்படிப் பொருத்துவது? துறைமுகம் மூடப்படவில்லை. குப்பை அள்ளும் வேலை நிற்கவில்லை. இந்த வேலைகளுக்குப் போய்வந்த ஆண்கள் சிலர் மாடிப்படியிலும், தெருவில் நிறுத்திய ஆட்டோவிலும் இரவில் படுத்துக்கொண்டதை நான் அறிவேன். உள்ளே தாய் இருக்கிறார், நோய் இருக்கிறது என்பதே காரணம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு தாயைப் பார்க்காமல் இருக்க முயன்றவர்கள் அவர்கள். தாய் வாசல்வரை வந்து சோற்றுத்தட்டை வைத்துவிட்டு உள்ளே போவார். பிறகு மகன் எழுந்து எடுப்பார். பிரிவு என்றால் தொலைவு என்று எண்ணிப் பழகிய நமக்கு, ஒரு நிலைப்படியின் அகலத்தில் பிரிவு இருக்க முடியும் என்று அவர்கள் காட்டினார்கள்.

இதற்கு நேர்மாறானவர்கள் நகரத்தின் தென்முனைக்கு அனுப்பப்பட்டவர்கள். கால்வாய்க் கரைகளிலும் கூவம் கரையிலும் இருந்த குடும்பங்கள் ஆண்டாண்டாகக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடிபெயர்க்கப்பட்டதை அறிவீர்கள். போக மனமில்லாத முதியவர்கள் சிலர் புளியந்தோப்பிலோ வியாசர்பாடியிலோ இன்னொரு பிள்ளையின் வீட்டில் தங்கிவிட்டார்கள். நகரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பேருந்து மாறி மாறி வந்தால்தான் தாயைப் பார்க்கலாம். பேருந்து நின்ற ஐந்து மாதங்களில் அவர்களுக்குப் பெரும்பாக்கமும் பம்பாயும் ஒன்றே. கடல்கடந்து வாழ்ந்தவர்கள் விமானம் இல்லாமல் தவித்ததைப் பற்றி நிறையக் கட்டுரைகள் வந்தன. அது உண்மையான தவிப்பு. ஒரே பெருநகருக்குள் நடந்த இந்தத் தவிப்பைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் எழுதவில்லை.

உலகம் என்ன செய்தது என்று ஒரு சொல். நெதர்லாந்தில் 2020 மார்ச் 20 முதல் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்குள் பார்வையாளர் நுழைய நாடு தழுவிய தடை போட்டார்கள். பிள்ளைகள் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். அங்கே தடுத்தவர் ஒருவர், தடுக்கப்பட்டவர் வேறொருவர். கோபப்பட ஒரு கதவு இருந்தது. நம் நாட்டில் பெரும்பாலான முதியவர்களுக்கு வீடே இல்லம், பிள்ளையே காவலர், பிள்ளையே பார்வையாளர். தடுத்தவரும் தடுக்கப்பட்டவரும் ஒருவரே ஆனபோது கோபம் உள்ளே திரும்பிற்று. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் 60 வயதைக் கடந்தவர்கள். நாட்டின் சராசரி 8.6. மற்ற பல மாநிலங்களைவிட இது நமக்குப் பெரிய கேள்வி.

சட்டத்தையும் தொட்டுவிடுகிறேன். பெற்றோரையும் மூத்த குடிமக்களையும் பேணுவதற்கான நம் சட்டம் 2007-இல் வந்தது. உணவு, உடை, உறையுள், மருத்துவம் ஆகியவற்றை அது பராமரிப்பு என்று கணக்கிடுகிறது. போய்ப் பார்ப்பதைப் பற்றி அதில் பேச்சில்லை. சீனாவில் 2013 சூலை முதல் நடைமுறைக்கு வந்த முதியோர் சட்டத்தில், பிரிந்து வாழும் பிள்ளைகள் பெற்றோரை அடிக்கடி சென்று பார்க்க வேண்டும் என்று எழுதியே விட்டார்கள். அப்போது பலர் சிரித்தார்கள், அன்பைச் சட்டம் போட்டு வரவழைக்க முடியுமா என்று. சிரித்தவர்களில் நானும் ஒருவனாக இருந்திருப்பேன். ஆனால் பார்த்தல் என்பது பேணுதலின் ஒரு பகுதி என்று எழுத்தில் ஏற்றுக்கொண்ட சட்டம் அது. நம் மொழிக்கு ஈராயிரம் ஆண்டாகத் தெரிந்த ஒன்றை ஒரு நாடு சட்டப்புத்தகத்தில் எழுதியது.

இனி நம் துறைக்கு வருகிறேன், அதாவது கவிதைத் துறைக்கு.

அகப்பாடல்களில் பிரிவுக்குப் பஞ்சமில்லை. தலைவன் பொருள்வயிற் பிரிகிறான், தலைவி ஆற்றியிருக்கிறாள். உடன்போன மகளை எண்ணி நற்றாயும் செவிலியும் புலம்புகிறார்கள். செவிலி மகளின் மனைக்குச் சென்று, அவள் வாழ்வைக் கண்டு வந்து, நற்றாய்க்கு உரைப்பதாகவும் ஒரு துறை உண்டு. ‘கண்டு வந்து’ என்பதைக் கவனியுங்கள். பார்த்துவிட்டு வருதலை நம் முன்னோர் பாட்டுக்கு உரியதாகவே கருதினார்கள். ஆனால் அங்கே மூத்தவள் இளையவளைப் பார்க்கப் போகிறாள். வளர்ந்த மகளோ மகனோ மூத்த தாயைக் கண்டு வருவதற்கு அகத்துறைகளில் துறை வகுக்கவில்லை. புறநானூற்றின் 86-ஆம் பாட்டில் காவற்பெண்டின் தாயிடம் உன் மகன் எங்கே என்று கேட்கிறார்கள். அவன் எங்கிருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. அவன் வந்து பார்க்க வேண்டும் என்று அவள் சொல்வதுமில்லை.

தாய்க்காக அழுத பெரும்புலவர் ஒருவர் நமக்கு உண்டு. அவர் அடங்கிய இடமும் என் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில், திருவொற்றியூர்க் கடற்கரையில் இருக்கிறது. பட்டினத்தார் பச்சை வாழைமட்டைகளை அடுக்கித் தாய்க்குத் தீ மூட்டினார் என்பது கதை. எல்லாவற்றையும் துறந்தவர் தாயின் இறுதிக்கு மட்டும் வந்தார். நான் பட்டினத்தாரைக் குறைத்துப் பேசுவேனா? ஆயினும் அவர் வந்தது தாய் இறந்த பின். நம் கவிதை மரபு அன்னையைப் பாடும்போது பெரும்பாலும் பிணத்தின் அருகில்தான் நின்று பாடுகிறது. உயிரோடிருக்கும் தாயிடம் ஞாயிற்றுக்கிழமை பழப்பையோடு போய் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து வருவதற்கு நம்மிடம் பாட்டு மிகக் குறைவு.

பெருந்தொற்றில் அந்த இறுதிப் பார்வையும் சுருங்கிற்று. நோயால் இறந்தவரின் உடலைத் தொடக் கூடாது, குளிப்பாட்டக் கூடாது. பணியாளர் உறையின் முகப்பகுதியை மட்டும் திறந்து காட்ட, உறவினர் தள்ளி நின்று பார்க்கலாம் என்பதே விதி. ‘முகம் பார்ப்பது’ என்று நம்மவர் சொல்வது அந்தச் சில நொடிகளில் அடங்கிற்று. அதுவும் வாய்க்காதவர்கள் உண்டு.

எங்கள் சந்தில் ஒரு வீட்டைச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். 2020 ஜூனில் அந்த வீட்டு அம்மாள் இறந்தார். தொற்று இல்லை, முதுமை. இளையவன் உடன் இருந்தான். மூத்தவன் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் ஆலையில் வேலை. மூன்று மாதமாக அவன் வந்து பார்க்கவில்லை. ஆலையில் நோய் பரவியிருந்தது, தாய்க்குக் கொண்டுவந்துவிடுவோமோ என்று அஞ்சினான். தாய் இறந்த செய்தி போனதும் இறப்பு என்று காரணம் காட்டிச் சீட்டு வாங்கி வந்தான். அடக்கம் முடிந்திருந்தது. “சாவுக்குச் சீட்டு வாங்க முடிஞ்சவனுக்கு, உசுரோட பார்க்க முடியலயா?” என்று இளையவன் கேட்டுவிட்டான். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. இன்றுவரை பேசவில்லை. இருவரும் எனக்குத் தெரிந்தவர்கள், இருவருமே தாயைப் பார்த்துக்கொண்டவர்கள் என்றே நான் சொல்வேன். ஒருவன் பார்த்துப் பார்த்துக்கொண்டான், மற்றவன் பார்க்காமல் பார்த்துக்கொண்டான். இந்த வாக்கியத்தை நான் அவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. ஒரு வேளை உரைநடையால் ஆகாத காரியமாக இருக்கலாம்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தொற்றைச் சாக்காக வைத்துக்கொண்டவர்களும் உண்டு. முன்பே வராதவர்கள், அந்த ஆண்டு வராததற்கு அரசாணையைக் காட்டினார்கள். 2021 மார்ச்சில் அறுபதைக் கடந்தவர்களுக்குத் தடுப்பூசி வந்தது. மே மாதம் இரண்டாம் அலையின் முழு ஊரடங்கு வந்தது, போயிற்று. வண்டிகள் ஓடின. அவர்கள் வரவில்லை. மாதம் ஒரு முறை திரையில் முகம் காட்டுவது போதும் என்று ஆகிவிட்டது. திரையில் தெரிவது பெரும்பாலும் அம்மாவின் நெற்றியும் மின்விசிறியும்தான் என்பது அதில் பேசிப் பழகியவர்களுக்குத் தெரியும். அஞ்சி வராதவனுக்கும் மனமின்றி வராதவனுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே. வேறுபாடு அவனவன் நெஞ்சுக்கும், ஓரளவு அவன் தாய்க்கும்தான் தெரியும். இப்படிப்பட்ட இடத்துக்குள் செய்தித்தாளும் சட்டமும் நுழைய முடியாது. கவிஞர் நுழையலாம்.

அந்த மாதங்களில் நம் வட்டம் கைப்பேசித் திரையில்தான் கூடியது. அப்போது படிக்கப்பட்ட கவிதைகள் என் நினைவில் இருக்கின்றன. வெறிச்சோடிய சாலை வந்தது, தெருவில் இறங்கிய மயில் வந்தது, தூய்மையான வானம் வந்தது, மனிதனுக்கு இயற்கை கற்பித்த பாடம் பல முறை வந்தது. உலகம் முழுவதும் அப்படித்தான் எழுதினார்கள், நம்மை மட்டும் சொல்லிப் பயனில்லை. என்றாலும் நகரம் ஓய்வெடுக்கிறது என்று நாம் பாடிய வாரங்களில் பேசின் பிரிட்ஜில் ஒரு வாளி கயிற்றில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது பாட்டுக்குள் வரவில்லை. நான் கவிஞன் அல்லன், வட்டத்தின் கூட்டக் குறிப்பேட்டை எழுதுகிறவன். அதனால் இதைச் சொல்லும் துணிவு இருக்கிறது.

நம் எழுத்தில் விடுபட்டது இன்னொன்றும் உண்டு. இதுவரை வந்தவை எல்லாம் பிள்ளைகளின் குரல். பார்க்க முடியவில்லையே என்று நாம் எழுதினோம். பார்க்கப்படாமல் இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இந்த உரைக்காகச் சென்ற மாதம் என் தாயாரிடம் கேட்டேன், அந்த நாள்களில் நாங்கள் வராதது வருத்தமாக இருந்ததா என்று. சட்டென்று சொன்னார்: “வராம இருந்தீங்களே, அதான் எனக்கு நிம்மதி. வந்திருந்தா ராத்திரி பூரா பயந்துகினு இருப்பேன்.” சிறிது நேரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஞாயித்துக்கெழம மட்டும் பத்து மணி ஆனா ஜன்னலாண்ட போயிடுவேன். வர மாட்டேன்னு தெரியும். ஆனாலும் போயிடுவேன்” என்றார். இந்த இரண்டு விடையில் எது உண்மை என்று நான் கேட்கவில்லை. இரண்டும் உண்மை என்பது தெரிகிறது.

ஆகவே வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பதினோராம் ஆண்டின் முதல் கூட்டத்தைப் ‘பெற்றோரைக் கண்டு வருதல்’ என்னும் துறைக்கென ஒதுக்கலாம். புதுத் துறை வகுக்க நமக்கு உரிமை உண்டா என்று புலவர் பெருமக்கள் கேட்டால் அதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம், அந்த விவாதமும் நல்லதே. எழுதுகிறவர்கள் எழுதும் முன் வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் ஒரு முறை கேட்டுவிட்டு எழுத வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. மூத்தவர்கள் இல்லாத வீட்டார், பக்கத்து வீட்டில் கேட்கலாம். கூட்டத்தைத் திரையில் நடத்தாமல் நேரில் நடத்த வேண்டும். இயன்றால் மாடி ஏற வேண்டியிராத இடத்தில் நடத்தினால், என் தந்தையாரையும் அழைத்துவர எண்ணியிருக்கிறேன். அவருக்குக் காது கேட்காது, ஆகையால் படிப்பவர்கள் அவருக்கு எதிரே நின்று, உதடு தெரியும்படி படித்தால் போதும்.